இரகசியப் படைக்குக் கணக்கு உண்டா?

இம்முறை தபால் பையில் பாதிக்கு மேல் சீருடைக் கேள்விகள். யார் யாரைத் தூண்டிவிட்டார்களோ தெரியாது. சினிமா, ஜாதகம், சமையல் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

கேள்வி: கொமாண்டோ, விசேட படையணி, எஸ்.டி.எப்., எல்லாம் ஒன்றுதானே? எதற்கு இத்தனை பெயர்?
(கட்டுகஸ்தோட்டை கடைக்காரர்)

பதில்: ஒன்றல்ல. உங்களை வீதியில் மறித்தவர் யார் என்று தெரிந்தால்தான் முறைப்பாட்டை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியும். கொமாண்டோ படையணியும் விசேட படையணியும் தரைப்படைக்குச் சொந்தம். முன்னதன் தலைமையகம் கணேமுல்லையில். பின்னது 1985இல் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. அதன் தலைமையகம் நம் கண்டிக்குப் பக்கத்தில்தான், ஏ-9 வீதியில் மாத்தளை தாண்டி நாவுலயில். கடற்படைக்கு 1993 முதல் விசேட படகு அணி இருக்கிறது. எஸ்.டி.எப். என்ற விசேட அதிரடிப் படை மட்டும் பொலிஸ். அது பொலிஸ் மா அதிபரின் கீழ் வருகிறது. இராணுவச் சட்டமும் இராணுவ நீதிமன்றமும் அதைக் கட்டுப்படுத்தா.

கேள்வி: பொலிஸ் என்றால் காக்கி போடட்டுமே! ஏன் காட்டுக்குள் ஒளிகிற சீருடை?
(அக்குறணை மாணவர்)

பதில்: பிறந்த வேளை அப்படி. 1983 கலவரத்துக்குப் பிறகு அவசர அவசரமாக உருவாக்கிய படை அது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பயிற்சி கொடுத்தவர்கள் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் கம்பனிக்காரர்கள். எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானிய விசேட படையிலிருந்து ஓய்வுபெற்ற ஆட்கள் நடத்திய கம்பனி. தனியார் கம்பனியில் ஒரு வசதி பாருங்கள். வெற்றி என்றால் இரண்டு அரசுகளும் படம் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கம் என்றால் இரண்டும் கையை விரிக்கலாம். அந்தக் கம்பனி ஆட்கள்மீதான போர்க்குற்றப் புகார்களை இலண்டன் பொலிஸ் விசாரிக்கத் தொடங்கியது 2020இல். முப்பத்தைந்து வருடம் கழித்தாவது ஒருவர் கோப்பைத் திறந்தாரே!

கேள்வி: யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்றால் சரி. கண்டிக்கும் இரகசியப் படைகளுக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு மாளிகை, குளம், பெரஹெரா போதாதா?
(பேராதனை பல்கலைக்கழக மாணவி)

பதில்: தங்கச்சி, நீங்கள் பாடத்துக்குப் போகும் வழியிலேயே பதில் கிடக்கிறது. 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு எதிரான யுத்தத்தின் பெரும் பகுதி அந்தப் பூங்காவில் போட்ட குடில்களிலிருந்து நடந்தது. கூடவே இரகசியக்காரர்களும் வந்து இறங்கினார்கள். பிரித்தானியரின் ஃபோர்ஸ் 136 வந்தது, மலாயாவிலும் பர்மாவிலும் எதிரியின் முதுகுக்குப் பின்னால் ஆட்களை இறக்குவதற்கு. அமெரிக்கரின் ஓ.எஸ்.எஸ். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூடாரம் அடித்தது. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி அதுதான்.

ஒரே கடற்கரைக்கு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், இரண்டு மூன்று அமைப்புகள் ஆள் அனுப்பினால் என்ன ஆகும்? ஒருவர் வைத்த பொறியில் மற்றவர் விழுவார். அதனால் மவுண்ட்பேட்டனின் தலைமையகத்தில் ‘பி டிவிஷன்’ என்று ஒரு பிரிவை அமைத்தார்கள். தலைவர் கார்னன்ஸ்-வில்லியம்ஸ் என்ற கடற்படை அதிகாரி. எந்த இரகசிய நடவடிக்கையானாலும் அவர் மேசைக்கு வந்து, பதிவாகி, முன்னுரிமை பெற்றுத்தான் போக வேண்டும். மேற்பார்வை என்பது இரகசியத்துக்கு எதிரி என்று இன்றைக்கு வாதாடுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வரலாம். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அந்த மேற்பார்வை இங்கே நடந்தது.

ஓ.எஸ்.எஸ். அலுவலகத்தில் வந்த, போன இரகசியக் காகிதமெல்லாம் பதியும் பிரிவை நடத்தியவர் ஆறடிக்கு மேல் உயரமான ஓர் அமெரிக்கப் பெண். பெயர் ஜூலியா மெக்வில்லியம்ஸ். பிற்பாடு ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர் அவரேதான். கணவரைச் சந்தித்ததும் இலங்கையில். சமையல் கேட்டவர்களுக்கு இவ்வளவுதான் இந்த இதழில்.

கேள்வி: எழுத்தாளரே, பதிவு, மேற்பார்வை என்று சுலபமாக எழுதுகிறீர்கள். அத்துருகிரியவில் என்ன நடந்தது என்று தெரியுமா? பொலிஸ் புகுந்து பெயர்களை வெளியே விட்டதால் செத்தவர்கள் எத்தனை பேர்?
(மாத்தளை, ஓய்வுபெற்ற இராணுவ வீரர்)

பதில்: தெரியும் ஐயா. உங்கள் கோபமும் புரிகிறது. இளைய வாசகர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையின் வால் அத்துருகிரியவில் கிடந்தாலும் தலை நம் ஊரில்.

2001 டிசெம்பர் 5, பாராளுமன்றத் தேர்தல் நாள். கண்டிக்கு அருகே உடத்தலவின்னவில் 10 முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் போன இடம் முன்னாள் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அநுருத்த ரத்வத்தையின் வட்டாரம். கண்டிப் பொலிஸ் விசாரணையில் இறங்கியது. சரியாக நாலு வாரம் கழித்து, 2002 ஜனவரி 2ஆம் திகதி, கண்டிப் பொலிஸ் அதிகாரி குலசிறி உடுகம்பொல கொழும்புக்கு அருகே அத்துருகிரிய மிலேனியம் சிட்டியில் ஒரு வீட்டுக்குள் புகுந்தார். அது இராணுவப் புலனாய்வுப் பிரிவின் இரகசிய வீடு. வன்னிக்குள் ஆழ ஊடுருவிப் புலித் தலைவர்களைத் தாக்கிக்கொண்டிருந்த அணிகளின் தளம். உள்ளே இருந்த கப்டன் நிலாம் என்ற அதிகாரியையும் அவருடைய ஆட்களையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டின் மிக இரகசியமான அணியை, நாட்டின் மிகக் கடுமையான சட்டத்தில், நாட்டின் பொலிஸே பிடித்தது! ஆயுதங்கள் தொலைக்காட்சியில் வந்தன, பெயர்கள் பத்திரிகையில் வந்தன. அடுத்த மாதம் 22ஆம் திகதி போர்நிறுத்தம். அதன் பிறகு அந்த வலையமைப்பில் இருந்தவர்களையும் தகவல் கொடுத்தவர்களையும் புலிகள் ஒவ்வொருவராகத் தேடிக் கொன்றார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், முஸ்லிம்கள். 2005 மே 31இல் கொழும்பு பொல்ஹேன்கொடையில் புலனாய்வு அதிகாரி மேஜர் முத்தலிப் சுட்டுக் கொல்லப்பட்டதையும் பலர் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

உங்கள் முடிவு, ‘ஆகவே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது’ என்பது. என் முடிவு நேர் எதிர். அன்றைக்கு ஒழுங்கான மேற்பார்வை இருந்திருந்தால் அந்தக் கதவு உடைபட்டிருக்குமா? அந்த வீடு யாருடையது, உள்ளே இருப்பவர்கள் யார், எந்த உத்தரவில் இருக்கிறார்கள் என்று அதிகாரபூர்வமாகக் கேட்கவும் பதில் பெறவும் ஒரு வழி இருந்திருந்தால், விசாரணைக்குப் போன பொலிஸ் ஒரு தொலைபேசி அழைப்போடு திரும்பியிருக்கும். வழி இல்லாத இடத்தில் வதந்தி புகுந்தது, அரசியல் புகுந்தது, பிறகுதான் ஜீப் புகுந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். நிலாமும் தோழர்களும் கடைசியில் எங்கே போனார்கள்? உயர் நீதிமன்றத்துக்கு, அடிப்படை உரிமை மீறல் வழக்கோடு. அந்தக் கைது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. மனித உரிமைச் சட்டமெல்லாம் ‘மற்றவர்களுக்கு’ என்று நினைக்கும் உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆழ ஊடுருவும் படைக்காரனையும் கடைசியில் காப்பாற்றியது அந்தச் சட்டம்தான்.

கேள்வி: அதெல்லாம் இருக்கட்டும். எங்கள் பத்துப் பிள்ளைகளின் வழக்கு?
(மடவளை ஆசிரியை)

பதில்: உடத்தலவின்ன வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்றம் 2006 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஐவருக்கு மரண தண்டனை. ரத்வத்தையும் இரண்டு மகன்மாரும் விடுதலை. சுட்டவன் யார் என்பதற்கு நீதிமன்றத்தில் பதில் கிடைத்தது. பாதுகாப்பு என்ற பேரில் அரசியல்வாதிகளோடு ஆயுதம் ஏந்தி அலைந்தவர்கள் யாருடைய கட்டளைக்குக் கீழ் இருந்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை, ரீச்சர்.

கேள்வி: பெரஹெராவில் யானையைக் கண்டு பயப்படுவதா, எஸ்.டி.எப்.பைக் கண்டு பயப்படுவதா?
(குண்டசாலை சிறுமி)

பதில்: யானைக்குப் பாகன் பக்கத்திலேயே நடக்கிறான், மகள்.

கேள்வி: 2018 மார்ச்சில் திகனவில் எங்கள் கடை எரிந்தது. எஸ்.டி.எப். வந்ததும் ‘தப்பினோம்’ என்று நினைத்தோம். பிறகு நடந்ததை எழுதுவீர்களா?
(திகன வியாபாரி)

பதில்: எழுதுகிறேன். முஸ்லிம்களுக்கு எதிராக மார்ச் 4ஆம் திகதி தொடங்கிய வன்முறை தெல்தெனிய, திகன, அக்குறணை என்று பரவியது. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த நாள் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள். கும்பலை நிறுத்தத்தான் அத்தனை நேரம் எடுத்தது. திகனப் பள்ளிவாசல் ஒன்றில் விசேட அதிரடிப் படையினர் மௌலவியையும் தொழ வந்தவர்களையும் அடித்ததாக அவர்களே சொன்னார்கள். சிசிடிவி பதிவும் அதற்கு ஒத்துப் போகிறது என்று அதே மாதம் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கெமரா. படையை மேற்பார்வை செய்வதற்கு அன்றைக்குத் திகனவில் இருந்த ஒரே சாதனம் அதுதான் போலும்.

எஸ்.டி.எப்.பின் பயிற்சி ஆயுதம் தாங்கிய எதிரிக்கானது. பள்ளிவாசல் முற்றத்தில் யார் கும்பல், யார் பாதிக்கப்பட்டவன் என்று பிரித்தறிய வேறு பயிற்சி வேண்டும், உள்ளூர் மொழி வேண்டும், எல்லாவற்றையும்விட நெஞ்சில் பெயர்ப்பட்டி வேண்டும். கலவரத்துக்கு விசேட படையை அனுப்பும் அதிகாரி, வேலை தெரிந்தவர்களை அனுப்பவில்லை. பயம் காட்டத் தெரிந்தவர்களை அனுப்புகிறார்.

கேள்வி: 1989ஐ மறந்துவிட்டீர்களா?
(பெயர் வேண்டாம், ஹந்தானை)

பதில்: மறக்கவில்லை. ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்து அந்த ஒக்டோபரில் பேராதனை வளாகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை அடுக்கிவைத்தார்கள். செய்தவர்கள் சீருடையோடு வரவில்லை, இலக்கத் தகடுள்ள வாகனத்தில் வரவில்லை. பல்கலைக்கழக உத்தியோகத்தர் ஒருவரை ஜே.வி.பி. கொன்றதற்குப் பழி என்று ஊர் பேசிக்கொண்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2012 கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் வெட்டப் போய் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. எந்தக் காலத்தவை என்பதிலேயே நிபுணர்கள் சண்டை பிடித்தார்கள். பட்டியலில் பெயரில்லாத படை எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்பதற்கு மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்த விஷயத்தைத் தமிழர் பிரச்சினை என்று மட்டும் நினைக்கும் சிங்கள நண்பர் இருந்தால், அவருடைய மாமா ஒருவரின் பெயரை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சினிமாவில் ஒரு கொமாண்டோ ஐம்பது பேரை அடிக்கிறானே, நிஜத்தில்?
(நாவலப்பிட்டி ரசிகர்)

பதில்: 1987 ஒக்டோபர் 11 இரவு, யாழ். பல்கலைக்கழகத்தில் புலித் தலைமையைப் பிடிக்க இந்தியப் படை ஹெலிகொப்டரில் பரா கொமாண்டோக்களையும் சீக்கிய காலாட்படையினரையும் இறக்கியது. இறங்கிய சீக்கியர் 30 பேர். 29 பேர் செத்தார்கள். புலிகளுக்கு முன்கூட்டியே தகவல் தெரிந்திருந்தது. வீரத்தில் குறை இல்லை. அனுப்பியவர்களின் தகவலில்தான் குறை.

கேள்வி: வள்ளுவர் இதைப் பற்றி ஏதாவது?
(கம்பளை தமிழ் ஆசிரியர்)

பதில்: ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்கிறார். கடைசியில் பார்த்தால் கார்னன்ஸ்-வில்லியம்ஸின் வேலையைத்தான் அவர் சொல்லியிருக்கிறார், இரண்டே குறளில்.

கேள்வி: எல்லா நாட்டிலும் விசேட படை இப்படித்தானே? நம்மை மட்டும் ஏன் உலகம் குடைகிறது?
(வத்தேகம வாசகர்)

பதில்: மற்றவர்களையும் குடைகிறது. நமக்குத்தான் நம்முடைய சத்தம் மட்டும் காதில் விழுகிறது. அவுஸ்திரேலிய விசேட படையினர் ஆப்கானிஸ்தானில் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று 2020 நவம்பரில் சொன்னது யார்? ஐ.நா. இல்லை. அவர்களுடைய இராணுவமே நியமித்த பிரெரெட்டன் விசாரணை. செத்தவனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியைப் போட்டுப் படம் எடுத்தது வரை எழுதினார்கள். சோமாலியாவில் 1993இல் ஒரு சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்ற பிறகு, கனடா தன் வான்குடைப் படையணியையே 1995இல் கலைத்தது. ஜெர்மனி 2020இல் தன் கே.எஸ்.கே. படையின் ஒரு கொம்பனியை மூடியது, தீவிர வலதுசாரிகள் உள்ளே வேரூன்றியதால். பிரித்தானியா மட்டும் நெடுங்காலமாக ‘விசேட படை பற்றிக் கருத்துச் சொல்வதில்லை’ என்ற ஒரே மந்திரம். அங்கேயும் இப்போது ஆப்கானிஸ்தான் இரவுச் சோதனைகளை ஒரு நீதிபதி விசாரிக்கிறார்.

அந்த நாடுகள் நம்மைவிட யோக்கியம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே தப்பை அரசே கண்டுபிடித்து அரசே அச்சடித்தது.

கேள்வி: நம் நாட்டில் ஒருவருக்குமே தண்டனை கிடைக்கவில்லையா?
(பன்விலை தோட்டத்து வாசகர்)

பதில்: கிடைத்தது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசெம்பரில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட 8 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடிய ஒருவர் சாட்சி சொன்னார். இராணுவ ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாடு ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பொதுமன்னிப்பு அளித்து விடுவித்தார். பிறகு அமெரிக்காவும் கனடாவும் அந்தச் சார்ஜன்ட்மீது தடை போட்டன. திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2இல் கொல்லப்பட்ட 5 மாணவர்களின் வழக்கில், எஸ்.டி.எப்.காரர்கள் உட்பட 13 பேரும் 2019இல் சாட்சியம் போதாது என்று விடுதலையானார்கள். பதினெட்டு வருடம் எடுத்துக் கட்டிய மிருசுவில் வழக்கை ஒரு கையெழுத்து அவிழ்த்துவிடும் நாட்டில், சாட்சி சொல்ல யார் வருவார்?

கேள்வி: பாராளுமன்றம் என்னதான் செய்கிறது?
(கண்டி சட்டத்தரணி)

பதில்: உங்களுக்குத் தெரியாததா? தேசிய பாதுகாப்புக்கு ஒரு மேற்பார்வைக் குழு இருந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அறிக்கை எழுதியது, தூசி படிந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஆயுதப் படைகளை வீதிக்கு அழைக்கும் வர்த்தமானி ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். 2019க்குப் பிறகு அது வருடக்கணக்காக மின்சாரக் கட்டணப் பட்டியலைப்போல மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சபையில் யாராவது எழுந்து ‘இந்த மாதம் ஏன்?’ என்று கேட்டு மல்லுக்கட்டியதைக் கண்டீர்களா?

அடிப்படைக் கோளாறு வேறு. நம் அமைப்பில் முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. பெரும்பாலும் பாதுகாப்பு அமைச்சரும் அவரே. தண்டனை பெற்றவனுக்கு மன்னிப்புக் கொடுப்பவரும் அவரே. கட்டளை, கண்காணிப்பு, கருணை மூன்றும் ஒரே மேசையில். கட்சி மாறினாலும் மேசை மாறவில்லை.

கேள்வி: என் மகனுக்கு எஸ்.டி.எப்.பில் சேர ஆசை. அனுப்பலாமா?
(ஒரு தாய், தெல்தெனிய)

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஒரு நிபந்தனை சொல்லி அனுப்புங்கள். தப்பான வேலைக்கு உத்தரவு வந்தால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அதுவே அவனுக்குப் பதில்.

கேள்வி: சரி, எனக்கு அநியாயம் நடந்தால் நாளைக்கே நான் செய்ய வேண்டியது என்ன? தத்துவம் வேண்டாம்.
(முச்சக்கர வண்டிச் சாரதி, கண்டி)

பதில்: முதலில் சீருடையைப் பாருங்கள்: பொலிஸா, இராணுவமா. பெயர், வாகன இலக்கம், இடம், நேரம், நின்ற ஆட்கள் எல்லாவற்றையும் அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். காயம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், அடித்தது யார் என்று வைத்தியரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். உறவினரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துப் போனால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டிய கடமை பிடித்தவர்களுக்கு உண்டு. அறிவித்தார்களா என்று நீங்களே கேளுங்கள். ஆணைக்குழுவுக்குக் கண்டியில் அலுவலகம் இருக்கிறது, அவசரத்துக்கு 1996 என்ற இலக்கம்.

அடிப்படை உரிமை மீறல் வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்று காட்டக் கையில் கடிதம் வேண்டும். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், ஒரு போட்டோ பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.